அன்னைக்கு அவ லீவு

வாங்க, வாங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஆமாங்க, நாச்சிமுத்து நான்தான். பம்பு கம்பெனி டைம் ஆபீஸ் நாச்சிமுத்துன்னு கேட்டிருந்தீங்கன்னா முக்குக் கடையிலயே வீட்டக் காட்டியிருப்பாங்க. முப்பத்தொரு வருசமுங்க. எண்ணூறு பேரு வந்ததும் போனதும் என்ற கையெழுத்துலதான் கெடக்குது. இப்பத்தான் விரல வெச்சா கம்ப்யூட்டர் புடிச்சுக்குது. அப்பெல்லாம் நாஞ்சொன்னாத்தான் ஒருத்தன் வேலைக்கு வந்தான். நாஞ்சொல்லலீன்னா வரல.

துளசிமணி வீட்டப் பத்தி விசாரிக்கத்தானுங்க வந்தீங்க? பையனுக்குத் தாய்மாமனா நீங்க. சரி, சரி. பொண்ணு கோகிலவாணி தங்கமான புள்ளைங்க. கண்ணாஸ்பத்திரியில வேலை. காலைல எட்டேகால் பஸ்ஸுக்குப் போனா சாயந்திரம் ஆறரைக்கு வீடு. நீங்க தைரியமாப் பண்ணலாம்.

அதில்லையா? அம்மாளோட கையா.

இருங்க, காபி சொல்றேன். ஏ, ரெண்டு காபி போடு.

உங்க அக்கா என்ன கேள்விப்பட்டிருப்பாங்கன்னு நீங்க சொல்லவே வேண்டாமுங்க, எனக்குத் தெரியும். வலது கை சூம்பிப் போயி விரலு நாலும் உள்ள மடங்கிக் கெடக்குது, அது பரம்பரையா வர்ற நரம்பு நோயி, அந்தம்மாளோட ஆத்தாளுக்கும் இருந்துது, நாளைக்கு இந்தப் பொண்ணுக்கும் வரும், பொறக்கற கொழந்தைக்கும் வரும். அதானுங்களே? பையனோட அண்ணன் எங்க கம்பெனி லேத்துலதான இருக்கறாரு. அவரு சொல்லியிருப்பாரு. கம்பெனில எல்லாருக்கும் தெரிஞ்ச பேச்சுதான் அது.

கேட்டுட்டீங்க, சொல்றேன். ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிப் போடறேன். எனக்கும் அந்தம்மாளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒன்பது வருசமா இல்ல. நான் கெடுதல் ஒண்ணும் பண்ணலீங்க. நல்லது பண்ணப் போயித்தான் இந்தப் பேரு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

துளசிமணி புருசன் இல்லாதவ. எங்க கம்பெனில வைண்டிங் செக்சன். மோட்டாருக்குள்ள செம்புக் கம்பியச் சுத்தி எறக்கற வேலைங்க அது, பூராவும் பொம்பளைங்கதான். விரலுக்குத்தான் வேலையே. மத்தவ எட்டு மோட்டார் எறக்குனா இவ பதினொண்ணு எறக்குவா. நேரந் தவறி வந்ததில்ல. லீவு எடுக்கமாட்டா. 'எதுக்கம்மிணி இப்படி லீவச் சேத்து வெக்கறே'ன்னு ஒருக்கா கேட்டேன். 'பாப்பா பத்தாவது பரீட்சை எழுதறப்ப கூட இருக்கோணுங்கண்ணா'ன்னா. இருபத்தாறு நாள் சேத்து வெச்சிருந்தா. சம்பளத்தோட லீவுங்க, கம்பெனிச் சட்டப்படி அவளுக்குச் சேந்தது.

அப்ப எங்க கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு பச்சை போர்டு இருக்கும். 'விபத்து இல்லாத நாட்கள்'னு எழுதி, கீழ நம்பர் மாட்டறதுக்குக் கொக்கி வெச்சிருக்கும். தெனம் காலைல நம்பர மாத்தறது என்ற பொறுப்பு. ஆயிரம் நாள் ஆச்சுன்னா வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்து பெரிய ஆர்டர் குடுக்கறதாப் பேச்சு. மேனேஜருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. எனக்கும் அது ஒரு இது மாதிரி ஆயிப்போச்சுங்க. கோயில்ல விளக்குப் போடற மாதிரி நானே போயித்தான் மாட்டுவேன், வேற ஆள விடமாட்டேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணாவது நாளு. டிராலில இருந்து ஒரு பெரிய மோட்டார்க் கூடு சரிஞ்சுது. துளசிமணி கை நடுவுல மாட்டிக்கிச்சு. டிராலி சக்கரத்துக்குத் தடுப்புக்கட்டை வெக்கல. அதை நான் சொல்லக்கூடாது. சொல்லிட்டேன், விடுங்க.

நான் ஓடிப்போயிப் பாக்கறேன், கத்தவே இல்ல அவ. பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறா. சேலையெல்லாம் ரத்தம். மேனேஜர் என்னைத் தனியாக் கூப்புட்டு, 'நாச்சி, இது ரிப்போர்ட் ஆச்சுன்னா நாளைக்குக் காலைல போர்டுல சைபர் மாட்டோணும்'னாரு. வேற ஒண்ணுமே சொல்லலீங்க. அவரு சொல்லோணுமா என்ன. என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியாதா?

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி அடிபட்டுதுன்னு கேப்பாங்க. கம்பெனி விபத்து ரிப்போர்ட் குடுக்கோணும். அதனால கம்பெனிக் கார்ல ஏத்தி ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். நானே கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனனுங்க, வேற ஆள அனுப்பல. கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மயக்கம் தெளிஞ்சதும் பக்கத்துல உக்காந்து சொன்னேன்.

'அம்மிணி, ஈ.எஸ்.ஐ.க்குப் போனா ஃபாரம், ரிப்போர்ட்டு, அலைச்சலு. அங்க குடுக்கறதும் முழுச் சம்பளம் இல்ல. உனக்குத்தான் இருபத்தாறு நாள் லீவு கெடக்குதே. முழுச் சம்பளத்தோட வீட்ல இரு. கிளினிக் செலவு கம்பெனி பாத்துக்கும். கை கூடுனதும் வந்து வேலைல உக்காந்துக்கலாம்.'

இதுல எதுங்க பொய்யி? ஒரு வார்த்தை பொய்யில்ல.

'அது பாப்பா பரீட்சைக்குன்னு வெச்ச லீவுங்கண்ணா'ன்னா. அந்த வலியிலயும் அதைத்தான் நெனைச்சா. 'பரீட்சைக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்குது, நான் பாத்துக்கறேன்'னேன். அப்பறம் ஒண்ணு கேட்டா பாருங்க. 'லீவு தீந்தும் கை கூடலீன்னா என்னங்கண்ணா பண்றது?' விவரமானவதானுங்க. 'அப்ப ஈ.எஸ்.ஐ. இருக்குதல்ல, அது எங்க போகுது'ன்னு சொன்னேன்.

லீவு லெட்டரு நானே எழுதுனேன். 'சொந்த வேலை காரணமாக'ன்னு. தேதி முந்துன நாளுத் தேதி. பத்தாவது படிச்சவ, முத்து முத்தா எழுதுவா. ஆனா வலது கையில கட்டு. இடது கைப் பெருவிரல நானே புடிச்சு மையில தொட்டு வெச்சேன். காலைல அவ கார்டு பஞ்ச் ஆயிருந்துது. அந்தக் கார்ட எடுத்துட்டு, அன்னைக்கு லீவுன்னு வேற கார்டு போட்டேன். அவ்வளவுதானுங்க. அடுத்த நாளு காலைல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ரெண்டு மாட்டுனேன்.

ஆயிரமாவது நாளு நல்லா நடந்துதுங்க. ஷாமியானா, மைக்கு, மதியம் பிரியாணி. ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் குடுத்தாங்க, கம்பெனி பேரு அச்சடிச்சு. அவளுக்குன்னு ஒண்ண மறக்காம எடுத்து வெச்சு, நானே வண்டியில கொண்டுபோயி வீட்ல குடுத்தேன். யாருங்க இப்படிப் பண்ணுவாங்க? அதுல இப்ப என்ன பண்றாங்கறீங்க? கோழிக்குத் தண்ணி வெக்கறா. வாசல்லயே வெச்சிருக்கறா. நான் மார்க்கெட்டுக்கு அந்த வழியாத்தான போகோணும். கம்பெனி பேரு ரோட்டப் பாத்து இருக்கற மாதிரிதான் வெப்பா.

காபி இன்னும் வரல பாருங்க. துளசிமணி பேரு காதுல விழுந்தா என்ற சம்சாரம் அடுப்பப் பத்த வெக்கமாட்டா. அப்பவும் ஒரு வாரம் எங்கூடப் பேசலீங்க. வீட்லயே இப்படின்னா ஊரச் சொல்லி என்ன பண்றது.

லீவு தீந்துது. கை கூடல. புண்ணு ஆறிப்போச்சு, ஆனா விரலு நிமுரல. எறக்கற வேலைக்கு விரல் நிமுரலீன்னா என்ன பண்றது? அப்பத்தான் ஈ.எஸ்.ஐ.க்குப் போனா. அங்க இருந்த டாக்டரு பாத்துட்டு, நசுங்குன உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம், நரம்பு செத்துப் போச்சேம்மான்னாராம். எப்படி ஆச்சுன்னு கேட்டிருக்கறாரு. இவ உள்ளதச் சொல்லிட்டா.

நீங்க தெரிஞ்சுக்கோணும், அங்க ரெண்டு கணக்குங்க. சும்மா சீக்குன்னா சம்பளத்துல நூத்துக்கு எழுபது, அதுவும் தொண்ணூத்தி ஒரு நாள் வரைக்குந்தான். வேலை செய்யறப்ப அடிபட்டதுன்னா நூத்துக்குத் தொண்ணூறு, குணமாகற வரைக்கும். குணமே ஆகலீன்னா டாக்டருங்க உக்காந்து பாத்து, ஆயுசுக்கும் மாசாமாசம் வரும். இன்னொண்ணு, கம்பெனி எந்த நாளைக்குச் சம்பளத்தோட லீவு குடுக்குதோ அந்த நாளைக்கு அவங்க குடுக்க மாட்டாங்க. ஒரே நாளுக்கு ரெண்டு பக்கம் வாங்க முடியாதல்லங்க. அது நியாயந்தான். ஆக இருபத்தாறு நாளு போச்சு. அது போனாப் போகுது, முழுச் சம்பளம் வாங்கிட்டா. ஆனா அடிபட்ட நாளே ரிஜிஸ்டர்ல லீவுன்னு இருக்குதே. லீவுல இருக்கறவளுக்குக் கம்பெனில எப்படி அடிபடும்?

ஈ.எஸ்.ஐ.ல இருந்து ஒரு ஆபீசரு விசாரிக்க வந்தாரு. நல்ல மனுசன். ஒருக்கா வந்துட்டுப் போனவரு மறுபடியும் வந்தாரு. அந்த வரிசையில ஆறு பொம்பளைங்க உக்காந்து வேலை செஞ்சவங்க. ஒவ்வொருத்தியாக் கேட்டாரு. ஒருத்தியும் நிமுந்து பாக்கல. 'எனக்குத் தெரியாதுங்க சார், நான் கம்பி சுத்திட்டிருந்தேன்'. ஆறு பேரும் அதேதான். நான் யாரையும் மெரட்டலீங்க. சும்மா பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.

அந்த மனுசன் விடல. 'கம்பெனில இல்லீன்னா கைக்கு என்னதான் ஆச்சு, எழுத்துல குடுங்க'ன்னாரு. மேனேஜரு என்ற மூஞ்சியப் பாத்தாரு. எழுதிக் குடுத்தேன். 'மேற்படியாளுக்கு வலது கையில் நெடுநாளாகவே நரம்புக் கோளாறு உண்டு. அவருடைய தாயாருக்கும் இவ்வாறு இருந்ததாகத் தெரிகிறது.' இந்த ரெண்டு வரிதானுங்க. அவ தாயார நான் பாத்தது கூட இல்ல. சும்மா, கேள்விய முடிக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? பரம்பரைன்னு போட்டா அதுக்கு மேல யாரும் தோண்டமாட்டாங்க. அதுல இன்னொரு நல்லதும் இருந்துது. சீக்குக் கணக்குல அவளுக்குச் சீக்கிரம் கெடைச்சிருமல்ல? கெடைச்சுது. தொண்ணூத்தி ஒரு நாளும் கெடைச்சுது. கை கூடலீன்னா ஈ.எஸ்.ஐ. இருக்குதுன்னு நான் சொன்னது நடந்துதா இல்லையா? சொல்லுங்க.

அந்த லெட்டரோட காப்பி ஆபீஸ் மேசையில கெடந்துது. எவனோ படிச்சிருக்கறான். அப்பறம் கம்பெனி பூரா அதே பேச்சு. சீக்கு நாளு தீந்து அவ திரும்பி வந்தப்ப கேண்டீன்ல அவ டம்ளரத் தனியா வெச்சாங்களாம். அதுக்கு நான் என்ன பண்றதுங்க?

எனக்கும் ஒருக்கா குடலிறக்கம் ஆப்பரேசன் ஆச்சு, சின்ன வயசுல. அப்ப எனக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. நான் முதல்ல டாக்டர் சர்டிபிகேட்ட வாங்கிப் போட்டுட்டுத்தான் படுத்தேன். லீவுல ஒரு நாளத் தொடல. அந்த லீவெல்லாம் அப்படியே இருந்து பின்னால பையன் மொட்டைக்குப் பழனி போயிட்டு வந்தோம். அது அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. அவளுக்கு அந்த விவரம் பத்தல.

கடைசியா அவ கணக்க முடிச்சாங்க. வேலை செய்யாத கைய வெச்சுட்டு கம்பெனியும் என்ன பண்ணும். கணக்கு வாங்க வந்தா. அன்னைக்கு எனக்கு மேலுக்கே சொகமில்ல. ரிஜிஸ்டர அவ பக்கமாத் திருப்பி வெச்சு, 'கையெழுத்துப் போட வருமா அம்மிணி, இல்ல ரேகை வெக்கறயா'ன்னு தன்மையாத்தான் கேட்டேன். 'அன்னைக்கு கிளினிக்குல எடுத்தீங்களே ஒரு ரேகை, அதையே இதுக்கும் வெச்சுக்கங்கண்ணா'ன்னு சொல்லிட்டு, மேசையில இருந்த பணத்தக் கூட எடுக்காம போயிட்டா. ஆபீஸ்ல பத்துப் பேரு உக்காந்திருக்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பத்தொரு வருசத்துல என்னை அப்படிப் பேசுனது அவ ஒருத்திதான். அப்பறம் அந்தப் பணத்த அவ வீட்டுல சேத்ததும் நான்தான். கதவத் தொறந்து வாங்குனது இந்தக் கோகிலவாணி. பதினஞ்சு வயசு. வாங்கி எண்ணிக் கூடப் பாக்கல. அடுத்த நாளு அதுக்குப் பரீட்சை. அம்மாக்காரி வெளிய வரல.

அதுக்கப்பறம் எட்டு வருசம் மாவாட்டி வித்தா. இடது கையால. புள்ளையப் படிக்க வெச்சுட்டா. அதை நான் இல்லீன்னு சொல்லமாட்டேன்.

என்னங்க? ஆமாங்க, கம்பெனிலதான் ஆச்சு. அதைத்தான இவ்வளவு நேரமாச் சொல்லிட்டிருக்கறேன். நோயுமில்ல, நொடியுமில்ல. மோட்டார்க் கூடு விழுந்த கை. உங்க வீட்டுக்கு அந்தப் புள்ளை தாராளமா வரலாம்.

உங்க அக்காகிட்டயா? நானா?

அது நல்லாருக்காதுங்க. நீங்க நேர்ல விசாரிச்சீங்க, உங்களுக்கு நம்பிக்கை வந்துருச்சு, நீங்களே சொல்லுங்க. ஏன், நீங்க சொன்னா நம்பமாட்டாங்களா? லெட்டர் இருக்குதுன்னு பையனோட அண்ணன் சொல்றாரா. சரிதான். எழுதுனவனே வந்து சொன்னாத்தான் ஆகும்னு சொல்றாங்களா. அது எப்படிங்க முடியும்? எழுதுனது பொய்யின்னு எழுதுனவனே வந்து நாலு பேரு முன்னால சொல்லோணும்னா? உங்க பெரிய மருமகன் அங்க இருப்பாரு. அவரு நாளைக்குக் காலைல கேண்டீன்ல சொல்லமாட்டாரா? டைம் ஆபீஸ்ல இப்ப யாரு இருக்கறான்னு நெனைச்சீங்க. என்ற பையனுங்க. நான் ரிட்டையர் ஆனப்ப அந்த மேனேஜருதான் வாக்குக் குடுத்து எடுத்துக்கிட்டாரு. அவனுக்கும் ரெண்டு கொழந்தைங்க. நீங்களும் குடும்பஸ்தன், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. இதோ காபி வந்துரும்.

என்னங்க சொன்னீங்க? என்ற வீட்ட யாரு காட்டுனது? கடைக்காரனில்லையா?

கோகிலவாணியா அனுப்புச்சு?

அந்தப் புள்ளையா எம்பேரச் சொல்லுச்சு? 'எங்கம்மா சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நாச்சிமுத்து மாமாகிட்டக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும். அவரு என்ன சொல்றாரோ அதுக்கு நாங்க கட்டுப்படறோம்'னா? இதே மாதிரியேவா சொல்லுச்சு? மாமான்னா சொல்லுச்சு?

அவங்கம்மா பக்கத்துல இருந்தாளா? கோழிக்குத் தண்ணி வெச்சுட்டிருந்தாளா. சரி.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். ஒன்பது வருசத்துல அந்த வீட்ல எம்பேர மனுசப் பேராச் சொல்லுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. அதும் அந்தப் புள்ளை. அதுக்கு எல்லாந் தெரியும். தெரிஞ்சும் அனுப்பியிருக்கறா பாருங்க.

நல்ல புள்ளைங்க. எங்க போனாலும் நல்லாருக்கும். உங்க வீடு இல்லீன்னாலும் வேற எடம் அமையாமயா போயிரும். எனக்கே நாலு எடம் தெரியும், நான் சொல்லியே விடறேன்.

இல்லீங்க. நான் வரல. உங்க அக்காகிட்ட இப்படிச் சொல்லிருங்க. நாச்சிமுத்துவப் பாத்தேன், கேட்டேன், அன்னைக்கு அந்தம்மா வேலைக்கே வரலையாம், லீவாம்னு. வேற ஒண்ணும் நான் உங்ககிட்டப் பேசல.

அந்தப் புள்ளைகிட்டயும் நீங்களே பதமாச் சொல்லிப் போடுங்க. மாமா இப்படித்தான் சொன்னாருன்னா போதும், அது மறுபேச்சுப் பேசாது.